20% பொலாக்சமர் 407 ஜெல் ஈறுப் பைக்குள் 7 நாள் தாங்குமா?

கீர்த்தி_ஃபார்ம்

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, ஃபார்மசூட்டிக்ஸ். ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் பைக்குள் செலுத்த ஒரு இன் சிட்டு ஜெல் (திரவமாகச் செலுத்தினால் உள்ளே போய் இறுகுவது) செய்வதுதான் புராஜெக்ட். பொலாக்சமர் 407 என்ற பாலிமரைக் குளிர்ந்த நீரில் 20% கரைத்து, மெட்ரானிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்திருக்கிறேன். ஐஸ் பாத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்க ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விட்டால் காலையில் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. வயல் எனும் சின்னக் கண்ணாடிக் குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் இறுகிவிடும், கவிழ்த்தாலும் விழாது.

சிக்கல் ரிலீஸில், அதாவது மருந்து வெளிவரும் வேகத்தில். சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) 7 நாள் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. டயாலிசிஸ் பையில் (நீரும் மருந்தும் ஊடுருவும் சவ்வுப் பை) வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்குள் மருந்து மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. பையைப் பிரித்தால் உள்ளே ஜெல்லையே காணோம், கொழகொழவென்று திரவம்தான். கைடு 30% வரை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறார். அப்படி ஏற்றினால் நிற்குமா? கார்போபால், கைட்டோசான் மாதிரி ஒட்டும் பாலிமர் எதையாவது சேர்க்க வேண்டுமா?

பாலிமர்வேலன்

கீர்த்தி, 30% போட்டால் கரைவது கொஞ்சம் தள்ளிப்போகும். 7 நாள் வராது. தவிர, அந்தச் செறிவில் ஃபிரிட்ஜை விட்டு எடுத்த கையோடு சிரிஞ்சுக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். கார்போபாலும் கைட்டோசானும் ஒட்டும் தன்மையைக் கூட்டும், சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நாள் கணக்கு அதில் கிடைக்காது.

காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். பொலாக்சமர் ஒரே சங்கிலியில் மூன்று துண்டு கொண்ட பிளாக் கோபாலிமர். இரண்டு ஓரமும் நீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு, நடுவில் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு. 407-இல் முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கினால் நடுத்துண்டின் மூலக்கூறு எடை, சுமார் 4000. கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஓரத்துண்டுகளின் பங்கு, 70%. புளூரானிக் எஃப்127 என்று டப்பாவில் போட்டிருப்பதும் இதே பொருள்தான்.

குளிரில் நடுத்துண்டும் நீரோடு ஒத்துப்போகிறது. நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி ஒழுங்காக நிற்கின்றன. சூடு ஏறும்போது அந்த ஒழுங்கு நிலைக்காது. சுற்றி நின்ற நீர் விலகுகிறது, நடுத்துண்டுகள் நீருக்கு அஞ்சி ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளே ஒடுங்குகின்றன, ஓரத்துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இதுதான் மைசெல். குறுக்களவு 20 முதல் 30 நானோமீட்டர். வினையூக்கி கிடையாது, குறுக்குப் பிணைப்பு கிடையாது, புற ஊதா ஒளி கிடையாது. வெப்பம் ஒன்றே போதும், தானே கூடிக்கொள்கிறது. இருபது வருஷமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

மைசெல்கள் போதிய அளவுக்குப் பெருகினால் அசைய இடமில்லாமல் கனசதுர அடுக்காக நின்றுவிடும். நீங்கள் கவிழ்த்துப் பார்த்த ஜெல் அதுதான். கூடை நிறைய அடைத்த எலுமிச்சம்பழம் கூடையை ஆட்டினாலும் நகராது, நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் எல்லாம் உருளும். மைசெலுக்கும் மைசெலுக்கும் நடுவே ஒரு பிணைப்பும் இல்லை, நெருக்கம் மட்டுமே தாங்குகிறது. செறிவு சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் 37 டிகிரியிலும் ஜெல் கிடையாது.

இப்போது உங்கள் டயாலிசிஸ் பைக்கு வாருங்கள். சவ்வு வழியாக நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. 20% மெல்ல மெல்ல 15-ஐத் தொடுகிறது, அத்தோடு முடிந்தது. வாயிலும் இதேதான். வெளி அடுக்கு நீர்த்துக் கரையும், அடுத்த அடுக்கு வெளிப்படும், அதுவும் கரையும். மருந்து இந்தக் கரைவோடு சேர்ந்தே வெளியேறுகிறது. டயாலிசிஸ் பை இல்லாமல் ஒருமுறை செய்து பாருங்கள். எடை போட்ட வயலில் ஜெல்லை இறுகவிட்டு, மேலே 37 டிகிரி பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) ஊற்றி, குறித்த நேரத்தில் பஃபரை வடித்துவிட்டு வயலை எடை போடுங்கள். ஜெல் இழந்த எடையையும் வந்த மருந்தையும் ஒரே தாளில் வரைந்தால் இரண்டு கோடும் கூடவே போகும்.

மரு_மதிவதனி

நான் பல் மருத்துவர், ஈறு சிகிச்சைப் பிரிவு. வேலன் சார் சொன்ன நீர்ப்பு (நீர் புகுந்து செறிவு குறைவது) உண்மையான ஈறுப் பைக்குள் எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் கீர்த்தி தன் டயாலிசிஸ் முடிவே மேல் என்பார். 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள பைக்குள் இருக்கும் திரவம் அரை மைக்ரோலிட்டர் அளவுதான். ஆனால் ஈறிலிருந்து ஊறி வெளியேறுவது மணிக்கு 20 மைக்ரோலிட்டர். அதாவது மணிக்கு 40 முறை அந்தப் பை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. நோய் உள்ள இடத்தில்தான் இந்த ஊற்றும் அதிகம்.

இந்த இடத்துக்கென்றே மூன்று பொருள்கள் வந்திருக்கின்றன, மூன்றும் மூன்று வழி. முதலாவது ஒராகிக்ஸ். மரக்கவைக்கும் மருந்துகளான லிடோகெய்னும் பிரிலோகெய்னும் தலா 2.5%, தாங்குபொருள் பொலாக்சமர் 407-ம் அதன் இனமான 188-ம். உங்கள் ஜெல்லின் சொந்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய முனையால் பைக்குள் வைத்து 30 வினாடி காத்திருந்தால் மரத்துவிடும், 20 நிமிடம் போல நிற்கும். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பது) முடிக்க அது போதும். அதற்குமேல் நின்றால்தான் தொந்தரவு, நோயாளி மரத்த வாயோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது அட்ரிடாக்ஸ். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், 7 நாள் ரிலீஸ். நீங்கள் சினாப்சிஸில் எழுதிய அதே 7 நாள். ஆனால் அதில் பொலாக்சமர் கிடையாது. பாலிலாக்டிக் அமிலத்தை என்.எம்.பி என்ற கரைப்பானில் கரைத்திருக்கிறார்கள். பைக்குள் போனதும் கரைப்பான் வெளியேறி, நீர் உள்ளே வந்து, பாலிமர் நீரில் கரையாமல் திரண்டு கட்டியாகிவிடும்.

மூன்றாவது எலிசால், உங்கள் மெட்ரானிடசோலே, 25%. தாங்குபொருள் கிளிசரில் மோனோஒலியேட்டும் நல்லெண்ணெயும். அதுவும் தானாகக் கூடும் பொருள்தான், ஆனால் திசை தலைகீழ். நீர் பட்டால் இறுகி அறுகோணத் திரவப் படிகமாக மாறும். அதுவே ஒரு நாளைக் கொஞ்சம் தாண்டும் அவ்வளவுதான், ஒரு வாரம் கழித்து மறுபடி வைப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். எந்த ஜெல்லாக இருந்தாலும் ஸ்கேலிங்கும், வேர்ப்பரப்பை வழவழப்பாக்கும் ரூட் பிளேனிங்கும்தான் சிகிச்சை, ஜெல் அதற்குத் துணை. சுத்தம் செய்யாத பைக்குள் மருந்தை வைத்து ஒரு பயனும் இல்லை. அறிமுகத்தில் இதை எழுதாத ஆய்வேடுகளைப் படிக்கும்போது மனசு வலிக்கிறது.

யாழ்_மருந்தாளர்

நான் யாழ்ப்பாணத்தில மருந்தாளரா வேலை செய்யிறன். 30 வீதம், 40 வீதம் எண்டு ஏத்திக்கொண்டு போகேக்க ஒரு விசயத்தை யோசிக்கவேணும். பொலாக்சமர் உடம்புக்குள்ள உடையிற பாலிமர் இல்லை. கரைஞ்சு, ரத்தத்தில சேர்ந்து, சிறுநீரகத்தால போகவேணும். மூலக்கூறு எடை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எண்டபடியால் போகும், ஆனா போகமட்டும் சும்மா இராது. எலிக்கு வயித்துக் குழியில 407-ஐ ஏத்தினா ட்ரைகிளிசரைட் எண்ட ரத்தக் கொழுப்பு கண்டபாட்டுக்கு ஏறும். லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் எண்ட நொதியை அது தடுக்குது. ஆய்வுகூடங்களில கொழுப்பு கூடின எலி வேணுமெண்டால் இதைத்தான் ஏத்துகினம்.

ஈறுக்குள்ள ஒரு துளி வைக்கிறதுக்கு இது பயப்படுற கணக்கில்லை, தங்கச்சி. ஆனா தசைக்குள்ள, தோலுக்குக் கீழ கிழமைக்கொருக்கா மில்லிலிட்டர் கணக்கில போடப்போறம் எண்டு எழுதுற பேப்பருகளை வாசிக்கேக்க இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

ராகவி_உயிர்ப்பொருள்

வேலன் சார், ஒரு மறுப்பு. இந்த இழையைப் படிக்கிறவர்கள் "பிளாக் கோபாலிமர் ஜெல் என்றாலே அற்பாயுசு" என்று எடுத்துக்கொள்வார்கள். அது பொலாக்சமரின் குணம். நடுத்துண்டையும் ஓரத்துண்டையும் மாற்றினால் கதையே வேறு.

1997-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சுங் வான் கிம் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது உடையக்கூடிய பிளாக் கோபாலிமர். 45 டிகிரி வாக்கில் திரவம், உடல் வெப்பத்துக்குத் தணிந்தால் ஜெல். சூடாக ஊசி போட வேண்டியிருந்ததால் புரோட்டீன் மருந்துகளுக்கு ஆகவில்லை. பிறகு குளிரில் திரவம், சூட்டில் ஜெல் என்று திருப்பினார்கள். பி.எல்.ஜி.ஏ–பெக்–பி.எல்.ஜி.ஏ. பெக் என்பது வேலன் சார் சொன்ன பாலிஎத்திலீன் ஆக்சைடேதான், பி.எல்.ஜி.ஏ லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களால் ஆன பாலிமர். இதில் நீர் வெறுக்கும் துண்டு இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. ஒரு சங்கிலியின் ஒரு முனை இந்த மைசெலிலும் மறுமுனை பக்கத்து மைசெலிலும் மாட்டிக்கொள்ளலாம். வெறும் நெருக்கம் அல்ல, பாலம். அதனால் நீர்ப்பைத் தாங்கும், வாரக்கணக்கில் நிற்கும், கடைசியில் லாக்டிக், கிளைக்காலிக் அமிலமாக உடைந்து போகும். கீர்த்தி இதை வாங்கிச் செய்யலாமே?

பாலிமர்வேலன்

ராகவி சொன்ன பாலம் முக்கியமான விஷயம், நான் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், பொலாக்சமரோடு நிறுத்திக்கொண்டேன். ஓரத்தில் நீர்விரும்பி இருந்தால் பாலம் அமையாது, ஓரத்தில் நீர்வெறுப்பி இருந்தால் அமையும். துண்டுகளின் வரிசையை மாற்றினால் ஆயுசு மாறுகிறது.

ஆனால் அந்தப் பாலிமரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் பிசின். குளிர்ந்த நீரில் கரையவே நாள் கணக்காகும். கரைத்த பிறகு நீரே அதை உடைக்கத் தொடங்கிவிடும், அதனால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. உடையும்போது உள்ளே அமிலம் தேங்கும். அமிலத்தில் கெடும் மருந்து என்றால் அதோடு சரி.

மருத்துவமனை வரை போன கதையையும் சொல்ல வேண்டும். இதே வகை ஜெல்லில் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றிய ஆன்கோஜெல்லை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க் கட்டிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கீமோ, கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தும் கட்டி குறைவதில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஜெல் நின்றது, மருந்தும் வந்தது. நோய்க்கு அது போதவில்லை. "நீண்ட நேரம்" என்பதே ஒரு தகுதி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த நோய்க்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை முதலில் கேட்காமல் பாலிமரோடு மல்லுக்கட்டுகிறோம்.

ராகவி_உயிர்ப்பொருள்

ஏற்கிறேன், ஆனால் நீண்ட நேரம் தேவைப்படும் நோய்களும் உண்டு சார். மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் தினமும் விழுங்க வைப்பது குடும்பத்துக்கு எவ்வளவு பாடு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாத்திரையை விட்டால் அடுத்ததும் விடும், பிறகு மறுபடி வார்டு. 2023-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதித்த உசெடி, அதே மருந்தைத் தோலுக்கு அடியில் மாதம் ஒரு முறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. அதில் இருப்பது பெக்கும் பாலிலாக்டிக் அமிலமும் சேர்ந்த இருதுண்டு, முத்துண்டு கோபாலிமர்களின் கலவை. பிரான்சில் மெடின்செல் உருவாக்கிய நுட்பம். பிளாக் கோபாலிமர் மாதக்கணக்கில் நிற்கிறது, கடைக்கும் வந்துவிட்டது.

பாலிமர்வேலன்

நல்ல உதாரணம், மனதாரச் சொல்கிறேன். அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அது வெப்பத்தால் இறுகும் ஜெல் அல்ல. டி.எம்.எஸ்.ஓ கரைப்பானில் கோபாலிமர் கரைந்திருக்கிறது, தோலடியில் கரைப்பான் விலகியதும் திரண்டு கட்டியாகிறது. மதிவதனி டாக்டர் சொன்ன அட்ரிடாக்ஸின் வழிதான், பாலிமர் வேறு. மாதக்கணக்கு வேண்டும் என்றதும் அவர்கள் நீரில் கரையும் மைசெல் ஜெல்லைக் கைவிட்டு, நீரைக் கண்டு திரளும் அமைப்புக்குப் போனார்கள்.

இரத்தத்துக்குள் போகும் மைசெலிலும் இதே நீர்ப்புக் கணக்குத்தான். ஜெனெக்ஸால் பி.எம் என்று தென் கொரியாவில் 2007-இல் வந்தது, பெக்–பாலிலாக்டைடு மைசெலுக்குள் பாக்லிடாக்சல். ஊசி ஏறியதும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் கலக்கிறது, மைசெல் சீக்கிரமே கலைகிறது, மருந்து புரோட்டீன்களிடம் போய்ச் சேர்கிறது. அப்படியானால் லாபம் என்ன? பழைய பாக்லிடாக்சலைக் கரைக்கச் சேர்த்த கிரெமஃபோர் எண்ணெய்தான் கடும் ஒவ்வாமைக்குக் காரணம், அது இதில் தேவையில்லை. அதனால் கூடுதல் அளவு மருந்து தர முடிந்தது. இந்தியாவிலும் டாபர் ஃபார்மாவின் நானோக்செல் அதே நோக்கத்தில் வந்ததுதான், பாலிமர் வேறு. மருந்தைக் கட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி என்று விளம்பரப்படுத்துவதைவிட, நஞ்சில்லாத கரைப்பான் என்று சொல்வது நேர்மை. நோயாளிக்கு அதுவே பெரிய உபகாரம்.

நியூஜெர்சி_ஃபார்மசி

வணக்கம். இங்கே ஆஸ்பத்திரி ஃபார்மசியில் புற்றுநோய் மருந்துகள் கலக்கும் பிரிவில் இருக்கிறேன். கரைந்துபோகும் ஜெல்லைக் கரைந்துபோகும் என்று தெரிந்தே பயன்படுத்தும் ஒன்றை நான் கையால் தயாரித்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஜெல்மைட்டோ, 2020-இல் எஃப்.டி.ஏ அனுமதி. சிறுநீரகத்தின் உட்குழியில் வரும் தீவிரம் குறைந்த புற்றுநோய்க்கு. மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்து மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம், பொலாக்சமர் 407 ஜெல். பழைய முறையில் மைட்டோமைசினை நீரில் கரைத்து ஊற்றினால் சிறுநீர் நிமிடங்களில் அடித்துக்கொண்டு போய்விடும். சிறுநீரகம் ஓயாமல் நீர் சுரக்கும் இடம், மருந்து எங்கே தங்கும்? இந்த ஜெல்லை ஐஸ் குளிர்ச்சியில் வைத்துத் திரவமாக்கி, கதீட்டர் வழியாக 15 மில்லிலிட்டர் வரை செலுத்துவார்கள். உள்ளே போனதும் குழியின் வடிவத்துக்கு இறுகிக்கொள்ளும். பிறகு சிறுநீரே அதை 4 முதல் 6 மணி நேரத்தில் கரைத்து வெளியேற்றும். எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்.

ஃபார்மசியிலிருந்து சிகிச்சை அறைக்குக் குளிர் குறையாமல் போக வேண்டும், வழியில் தாமதமானால் சிரிஞ்சுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். மைட்டோமைசின் நிறத்தால் பின்னர் சிறுநீர் ஊதா, நீலமாகப் போகலாம் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் பயந்துபோவார்கள். ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், மேலே தெறிக்கக் கூடாது. வாரம் ஒரு முறை, ஆறு வாரம்.

அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 71 பேரில் 41 பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது, 58%. மற்றபடி இந்த நோயில் பலருக்குச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிவரும் என்பதை நினைத்துப் பாருங்கள். சிறுநீர்க்குழாய் சுருங்குவது அடிக்கடி வரும் பக்கவிளைவு, அதையும் மறைக்கக் கூடாது. ஒரே சிறுநீரகத்தோடு இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

லிம்பல்_செல்

கண் ஆராய்ச்சிக்காரி. நம்ம ஊரிலேயே நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னையில் சங்கர நேத்ராலயாவும் நிச்சி-இன் மறுஉருவாக்க மருத்துவ மையமும் சேர்ந்து, கருவிழி ஓரத்து லிம்பல் செல்களை மெபியால் ஜெல்லில் வளர்த்தார்கள். முயலின் கண்ணில் பொருத்திப் பார்த்த முடிவு 2009-இல் வெளியானது. மெபியால், ஜப்பானில் யூய்ச்சி மோரி உருவாக்கியது. வெப்பத்துக்கு இறுகும் நைப்பாம் வகைத் துண்டும் பெக்கும் சேர்ந்த பாலிமர். இதுவும் குளிரில் திரவம், சூட்டில் ஜெல்.

வழக்கமாக இந்தச் செல்களைப் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் வளர்ப்பார்கள். கொடையாளிக்குக் கொடையாளி சவ்வு மாறும், தொற்றுப் பரிசோதனை வேறு. ஜெல்லில் வளர்த்தால் அந்தக் கவலை இல்லை. எனக்குப் பிடித்தது அறுவடை. தட்டில் ஒட்டி வளர்ந்த செல்லைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியைப் போட வேண்டும், அது செல்லின் மேற்பரப்புப் புரோட்டீன்களையும் சேர்த்து அரிக்கும். ஜெல்லில் அப்படியில்லை. தட்டை ஐஸில் வைத்து, குளிர்ந்த மீடியம் சேர்த்தால் ஜெல் உருகி ஓடிவிடும், செல்கள் அப்படியே கையில் வரும். இங்கே கலைவதுதான் வேண்டிய குணம்.

முப்பரிமாண பிரின்டிங்கிலும் இதே புத்திதான். ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழு 2014-இல் எஃப்127-ஐ மையாக வைத்து இரத்தக் குழாய் வடிவத்தை அச்சிட்டு, சுற்றிலும் ஜெலட்டின் வார்த்து இறுக வைத்து, பிறகு 4 டிகிரிக்குக் குளிர்வித்து எஃப்127-ஐ உறிஞ்சி எடுத்தார்கள். காலியான குழாய் கிடைத்தது, அதன் உட்சுவரில் இரத்தக் குழாய்ச் செல்களை வளர்த்தார்கள்.

கீர்த்தி_ஃபார்ம்

எல்லாருக்கும் நன்றி, பிரின்ட் எடுத்துக் கைடிடம் காட்டினேன். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வயலை எடை போட்ட கணக்கையும் மருந்து வந்த கணக்கையும் ஒரே கிராஃபில் வரைந்து காட்டியதும் அமைதியாகப் பார்த்தார். இரண்டு கோடும் ஒன்றோடொன்று ஒட்டியே போகிறது, வேலன் சார் சொன்னபடி. 7 நாளை எடுத்துவிட்டுச் சினாப்சிஸைத் திருத்தச் சம்மதித்துவிட்டார்.

இப்போது என்ன செய்யலாம் என்பதில் குழப்பம். பி.எல்.ஜி.ஏ–பெக் வாங்கக் கல்லூரியில் பணம் கிடைக்காது. பொலாக்சமரோடுதான் முடிக்க வேண்டும். மருந்தை மாற்றவா, காலத்தை மாற்றவா?

மரு_மதிவதனி

நான் மருந்தை மாற்றச் சொல்வேன். ஆறு மணி நேரத்தில் போய்விடும் மெட்ரானிடசோலால் பைக்குள் இருக்கும் கிருமிப் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஸ்கேலிங் முடிந்த அன்று ராத்திரி வரைக்கும் வலியும் கூச்சமும் குறைக்கிற ஒன்று. நோயாளிகள் இரண்டாம் உட்காரலுக்கு வராமல் போவதே அந்த முதல் நாள் வலியால்தான். வலிநிவாரணி ஒன்றை 4 முதல் 6 மணி நேரம் தந்து, பிறகு தடயமில்லாமல் கரைந்துபோகும் ஜெல் என்றால் உங்கள் பாலிமருக்கு அது இயல்பான வேலை. என்னிடம் வந்தால் நான் வாங்கிப் பயன்படுத்துவேன்.

பாலிமர்வேலன்

டாக்டர் சொன்னது சரியான திசை. இரண்டு விஷயம் மட்டும். 407-ஐத் தனியாக வைக்காமல் 188 கொஞ்சம் சேருங்கள், இறுகும் வெப்பநிலை மேலே போகும். நம்ம ஊர் வெயிலில் 20% ஜெல் கிளினிக் மேசையிலேயே இறுகிவிடும், மின்விசிறிக்குக் கீழே 32 டிகிரி இருக்கிற அறையை மனதில் வைத்துச் செய்யுங்கள். மருந்து சேர்த்த பிறகு இறுகும் வெப்பநிலையை மறுபடி அளக்க வேண்டும். உப்பு வடிவ மருந்துகள் அதை மாற்றிவிடலாம்.

அடுத்தது சோதனை முறை. அரை லிட்டர் பஃபரில் டயாலிசிஸ் பையைத் தொங்கவிட்டு எடுக்கும் எண்ணுக்கும் ஈறுக்கும் சம்பந்தமில்லை. சிரிஞ்சு பம்ப் இருந்தால், மெல்லிய கண்ணாடிக் குழாய் முனையில் கொஞ்சம் ஜெல்லை வைத்து, 35 டிகிரியில், மணிக்கு 20 மைக்ரோலிட்டர் வேகத்தில் பஃபரை அதன் மேல் ஓடவிடுங்கள். வெளியே சொட்டுவதைச் சேகரித்து அளவிடுங்கள். அது உண்மைக்கு மிகக் கிட்டே வரும்.

கீர்த்தி_ஃபார்ம்

பார்மகாலஜி டிபார்ட்மென்டில் சிரிஞ்சு பம்ப் ஒன்று இருக்கிறது, எலிகளுக்கு இன்ஃபியூஷன் கொடுக்க வாங்கியது. மணிக்கு 20 மைக்ரோலிட்டர் வரை குறைக்க முடியுமா என்று லேப் அசிஸ்டன்டிடம் கேட்டேன். ஒரு மில்லி சிரிஞ்சு மாட்டினால் வரும் என்கிறார். 188-க்கு இன்டென்ட் (வாங்கித் தரும்படி கோரிக்கை) போட்டாயிற்று. கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் எவ்வளவு வைக்கலாம் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், அதோடு ஆரம்பித்துவிடுகிறேன்.

மரு_மதிவதனி

பையின் வாய் மிகக் குறுகல், அகலமாக வைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம், ஆழம் 5 மில்லிமீட்டர். முதல் கிராஃப் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.